அந்தக் காரை நான் எழுதவில்லை

2017 செப்டம்பரில், முதுகுளத்தூர் பக்கம் ஒரு விலக்கில் போட்டிருந்த செக்போஸ்ட்டில், ஆயுதத்தோடு வந்த இரண்டு பேரைப் பார்த்தேன். ஒருவரிடம் விறகு வெட்டும் அருவாள் இருந்தது. இன்னொருவரின் காரில் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. மறுநாள் பேப்பரில் அருவாளை எழுதினேன், துப்பாக்கியை விட்டுவிட்டேன். அருவாள் வைத்திருந்தவர் சிறைக்குப் போனார். துப்பாக்கி வைத்திருந்தவர் நிகழ்ச்சிக்குப் போனார். போலீஸ் செய்ததைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் செய்ததை நான்தான் எழுத வேண்டும்.

அப்போது நான் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபர். மாதச் சம்பளம் கிடையாது. வந்த செய்திக்குக் கணக்குப் பார்த்துக் கொஞ்சம் காசு, பிடித்துக் கொடுக்கும் விளம்பரத்துக்குக் கமிஷன். கமிஷனில்தான் குடும்பம் ஓடியது. இதை இரக்கம் தேடிச் சொல்லவில்லை. பின்னால் சொல்லப்போவதற்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

செப்டம்பரும் அக்டோபரும் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வேறு மாதிரியான மாதங்கள். செப்டம்பர் 11 பரமக்குடியில் தேவேந்திரகுலத் தலைவர் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி. கலெக்டர் தடை உத்தரவு போடுவார். வெளிமாவட்டப் போலீஸ் வேன் வேனாக வந்து இறங்கும். கல்யாண மண்டபமும் பள்ளிக்கூடமும் அவர்கள் தங்கும் இடமாகும். வாடகை வண்டிக்கு அனுமதி இல்லை, திறந்த வண்டிக்கு அனுமதி இல்லை, ஆயுதத்துக்கு அனுமதி இல்லை. விலக்குக்கு விலக்கு தடுப்புக் கம்பி, மணல் மூட்டை, பந்தல்.

காரணம் இல்லாமல் இதைச் செய்யவில்லை. 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் கலெக்டர் ஒரு சமாதானக் கூட்டம் கூட்டினார். மறுநாள் இரவு பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். 14-ஆம் தேதி கீழத்தூவலில் மறவர் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. தொடர்ந்த கலவரத்தில் இரண்டு பக்கமும் குடிசைகள் எரிந்தன. 54 ஆண்டு கழித்து, 2011 செப்டம்பர் 11 அன்று, பரமக்குடி ஐந்துமுனையில் நினைவு நாளுக்குக் கூடிய தேவேந்திரகுல மக்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அன்றைய நடவடிக்கையில் ஆறு பேர் இறந்தார்கள். நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. சுட்டது நியாயம்தான் என்று அறிக்கை வந்தது. கீழத்தூவலுக்கு நடந்த அரசு விசாரணையும் அன்றைக்கு அதையேதான் சொன்னது. ஒரு பக்கத்து வீட்டில் கீழத்தூவல் படம், மறுபக்கத்து வீட்டில் பரமக்குடி படம். இரண்டு வீட்டிலும் போலீஸ் என்றால் ஒரே பேச்சுதான் நடக்கும். இதை இரண்டு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து கேட்டவன் நான். அதனால் செக்போஸ்ட்டே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு மாதமும் பயத்தோடு பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன். செக்போஸ்ட்டில் என்ன கேட்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

அன்று காலை நான் செக்போஸ்ட்டில் நின்றது படம் எடுக்க. "பலத்த பாதுகாப்பு" என்று ஒரு படம் கேட்டிருந்தார்கள். எட்டு மணி இருக்கும். டிவிஎஸ் எக்ஸெல்லில் ஒரு தம்பி வந்தார். வயது இருபத்துநாலு, இருபத்தைந்து. முன்னால் தூக்குவாளியும் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனும். பின்னால் சாக்கு. சாக்குக்குள்ளிருந்து அருவாள் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மறைத்து வைக்கவில்லை. மறைக்க வேண்டிய பொருள் என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார்.

"எந்த ஊருடா?" என்றார் போலீஸ்காரர்.

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு வேறு அர்த்தம். ஊரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். தம்பி ஊரைச் சொன்னார். வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள்.

"கரிமூட்டத்துக்கு வெட்டுக்குப் போறேன் சார். அந்தா, கம்மாய்க்கு அங்கிட்டுத்தான் சார் மூட்டம். முதலாளிக்குப் போனு போடுங்க சார்."

போன் போடவில்லை. அருவாளை எடுத்து மேசையில் வைத்தார்கள். அது பக்கத்தில் கிடந்ததால் நன்றாகப் பார்த்தேன். காம்பில் சைக்கிள் டியூப் ரப்பர் இறுக்கிச் சுற்றியிருந்தது. முள்ளு மரத்தைக் கொத்தும்போது கை வழுக்காமல் இருக்க அப்படிச் சுற்றுவார்கள். வாயில் அரம் போட்ட கோடு புதிதாக மின்னியது. அடியில் பட்டைக்கறை கறுப்பாகப் படிந்து காய்ந்திருந்தது. தம்பியின் இரண்டு முன்னங்கையிலும் முள் கிழித்த கோடுகள், சிலது ஆறியது, சிலது அன்றோ முந்தின நாளோ ஆனது. அந்த அருவாள் என்ன வேலை செய்கிறது என்று சொல்ல சாட்சியே வேண்டாம். சீமைக்கருவேலம் வெட்டிக் கரி சுடுவது முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி வட்டாரத்தில் எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு. அதே 2017 தொடக்கத்தில்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேல மரங்களை அகற்றச் சொல்லியிருந்தது. அப்போது அதிகாரிகள் அருவாளோடு நின்று மரம் வெட்டுவதை நானே படம் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

தம்பி ஓரத்தில் குத்தவைத்திருந்தபோது அந்தக் கார் வந்தது. வெள்ளைக் கார். முன்னால் கொடி. தடுப்புக் கம்பி முழுதாகத் திறப்பதற்கு முன்பே ஒரு அதிகாரி விறைத்து நின்று சல்யூட் வைத்தார். பின் சீட்டில் இரண்டு ஆள், அவர்கள் மடியில் குறுக்காகத் துப்பாக்கி. உறை இல்லை. கண்ணாடி இறங்கியிருந்ததால் குழல் இரண்டும் தெரிந்தன. யாரும் லைசென்ஸ் கேட்கவில்லை. யாரும் எந்த ஊர் என்றும் கேட்கவில்லை.

முன் சீட்டில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். "என்ன தம்பி, நல்லா இருக்கீங்களா?" என்றார்.

"நல்லா இருக்கேண்ணே" என்றேன். கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. கை அதன் பக்கம் போகவில்லை. அது மட்டுமில்லை. அவர் என்னைப் பெயர் தெரிந்தவனாகப் பத்துப் போலீஸ்காரர்கள் முன்னால் விசாரித்ததில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. இந்த வாக்குமூலத்தில் எழுதக் கூசுகிற வரி இதுதான்.

சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து ரைட்டர் வாட்ஸ்அப்பில் விவரம் அனுப்பினார். தடையை மீறி, பயங்கர ஆயுதத்துடன், பொதுமக்களுக்கு அச்சம் ஏற்படுத்தும் வகையில் நின்றிருந்தவர் கைது. பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது. அப்படியே எழுதி அனுப்பினேன். நின்றிருந்தவர் இல்லை, வண்டியில் வந்தவர் என்று எனக்குத் தெரியும். அச்சப்பட்டவர் யாரும் அங்கே இல்லை என்று தெரியும். அவர் சொன்ன கரிமூட்டம் அங்கிருந்து கூப்பிடு தூரம் என்றும் தெரியும். மூட்டக்காரரின் நம்பர்கூட என் போனில் இருந்தது. ஒரு போன் போட்டிருந்தால் போதும். செய்தியோடு படமும் வந்தது: மேசை மேல் அந்த அருவாள், பின்னால் காக்கிச் சட்டைகள். நான் எடுத்த படம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று வெகு காலம் கழித்துத்தான் உட்கார்ந்து படித்தேன். குற்றச் செய்தி எழுதியே பிழைத்தவன் அதற்கு முன்பு ஒருமுறையும் படித்ததில்லை. 1959 ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்றால் என்ன என்று விளக்கும் இடத்திலேயே, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ மட்டும் செய்யப்பட்ட பொருள் ஆயுதம் ஆகாது என்று இருக்கிறது. விதிகளின் அட்டவணையில் வாள், ஈட்டி, பட்டாக்கத்தி எல்லாம் வருகிறது. ஒன்பது அங்குல நீளத்துக்கு மேலோ இரண்டு அங்குல அகலத்துக்கு மேலோ அலகு இருந்தால் கணக்கில் வரும். அங்கேயும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. அளவு நாடாவைப் பிடித்தால் எங்கள் வட்டார வெட்டருவாள் ஒவ்வொன்றும் இரண்டு அங்குலத்தைத் தாண்டிவிடும். அதனால்தான் அந்த விலக்கு. அந்த ஒரு வரி இல்லையென்றால் பாதி ஜில்லா உள்ளே இருக்க வேண்டும்.

துப்பாக்கிக்கும் விதி இருக்கிறது. லைசென்ஸ் வைத்திருப்பவர்கூடப் பொது இடத்தில் அதை வெளியே தெரிய எடுத்துப் போகக் கூடாது, உறையிட்டு மூடித்தான் போக வேண்டும், வீசிக் காட்டக் கூடாது என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க உத்தரவு வரும். அந்தச் செய்தியையும் தேர்தலுக்குத் தேர்தல் நான்தான் எழுதிவந்தேன். அந்தக் காரில் இருந்தவருக்கு லைசென்ஸ் இருந்திருக்கலாம். இருந்தாலும் அன்று அந்தத் துப்பாக்கி கிடந்த விதம் விதிமீறல்தான். ஆக, அந்தக் காலையில் சட்டப்படி ஆயுதம் இல்லாத ஒன்று பிடிபட்டது, சட்டப்படி ஆயுதமான ஒன்று சல்யூட் வாங்கிக்கொண்டு போனது. இரண்டையும் அருகிலிருந்து பார்த்த பத்திரிகைக்காரன் நான் ஒருவன்தான்.

ஆள் பார்த்து ஆயுதத்தைத் தடுப்பது இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கில் போட்ட கும்பினியார், அந்த ஆண்டு முடிவதற்குள் தென்சீமைப் பாளையங்களில் யாரும் ஆயுதம் ஏந்தக் கூடாது என்று அறிவித்தார்கள். 1878-இல் வந்த ஆயுதச் சட்டத்தில் இந்தியருக்கு லைசென்ஸ் கட்டாயம், வெள்ளைக்காரருக்கு விலக்கு. நான் சின்னப் பையனாக இருந்தபோது ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் இலங்கைப் போராளி இயக்கத்துப் பையன்கள் ஜீப்பில் துப்பாக்கியோடு வந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதே கடையில் போலீஸ்காரரும் டீ குடித்துக்கொண்டிருப்பார். மேலிடத்துக்கு அவர்கள் வேண்டியவர்களாக இருந்த காலம் அது. 1986 நவம்பர் தொடக்கத்தில் சென்னை சூளைமேட்டில் அவர்களில் சிலர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் உள்ளூர்க்காரர் ஒருவர் இறந்தார். ஒரு வாரத்துக்குள் மாநிலம் முழுவதும் ஒரே நாளில் இயக்கங்களின் ஆயுதங்களைப் பறித்தார்கள். முந்தின நாள்வரை சட்டம் எங்கே இருந்தது என்று அப்போது கேட்கிற வயது எனக்கு இல்லை. 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிக்குத் தோண்டியபோது அந்தக் காலத்துத் தோட்டாக்கள் பெட்டி பெட்டியாகத் துருப்பிடித்து வெளியே வந்தன. போய்ப் பார்த்து எழுதினேன். அந்தச் செய்தியைப் பெருமையாக எழுதினேன், ஏனென்றால் அதில் யாருக்கும் நான் பயப்பட வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே பல மாநிலங்களில் இடுப்பில் துப்பாக்கி தெரிய நடக்கலாம், அது உரிமை. டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து அதற்கு லைசென்ஸ்கூடத் தேவையில்லை. ஆனால் 1967 மே மாதம் கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்குள் கறுப்பின இயக்கமான கறுப்புச் சிறுத்தைகள் துப்பாக்கியோடு நுழைந்த பிறகு, தோட்டா நிரப்பிய துப்பாக்கியைத் தெருவில் வெளிப்படையாகக் கொண்டுபோகத் தடை போடும் சட்டம் அந்த வருடமே நிறைவேறியது. கையெழுத்துப் போட்டவர் அப்போது கவர்னராக இருந்த ரீகன். 2014 நவம்பரில் கிளீவ்லாந்தில், துப்பாக்கியை வெளிப்படையாக வைத்திருக்கலாம் என்ற மாநிலத்தில், பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த தமிர் ரைஸ் என்ற 12 வயதுக் கறுப்பினப் பையனைப் போலீஸ் வந்த வேகத்தில் சுட்டது. அவ்வளவு தூரத்துச் செய்தியைப் படித்து நான் கோபப்பட்டிருக்கிறேன். அந்தப் பையனைப் பற்றி ஞாயிறு இணைப்புக்கு எழுதலாமா என்றுகூட ஆசிரியர் குழுவில் கேட்டேன். என் தாலுகாவில் என் கண்ணெதிரில் நடந்ததற்கு அந்தக் கோபம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று பல காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். செய்தி போலீஸ் தந்தது, பொறுப்பு அவர்களுடையது என்றேன். பதற்றமான நேரத்தில் துப்பாக்கி என்று எழுதினால் கலவரம் வரும் என்றேன். அப்படியென்றால் அருவாள் என்று எழுதினால் வராதா? உண்மையான காரணங்கள் மூன்றுதான். அந்தக் காருக்குரியவர் வருடா வருடம் எங்கள் பேப்பருக்கு அரைப்பக்க வாழ்த்து விளம்பரம் கொடுப்பார், அதன் கமிஷன் எனக்கு. இரண்டாவது, பயம். அவர் ஆட்கள் என் வீடு இருக்கும் தெருவை அறிவார்கள். மூன்றாவது, அந்தத் தம்பி ஊர்ப் பெயரைச் சொன்ன உடனே என் மனதிலும் ஒரு கணக்கு ஓடியது. "அந்த ஊர்க்காரனா, அப்ப எதுக்கோ கொண்டு போயிருப்பான்" என்று. முன்னங்கைக் கீறலையும் காம்பில் சுற்றிய ரப்பரையும் பார்த்த பிறகும் ஓடியது. நான் எந்தச் சாதி, அவர் எந்தச் சாதி என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் படிக்கிறவர் பாதிப் பேர் இது தங்கள் பக்கத்து நியாயம் என்று எடுத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். பக்கம் மாற்றி நடந்த கதைகளும் எங்கள் மாவட்டத்தில் உண்டு. காருக்குரியவரின் பெயரையும் எழுதவில்லை. அதற்குக் காரணம் அன்றைக்கு இருந்ததுதான், பயம்.

தம்பியை ரிமாண்ட் செய்தார்கள். ஜாமீனில் வர ரெண்டு வாரத்துக்கு மேல் ஆனது. தடையை மீறியதற்கு இந்தியத் தண்டனைச் சட்டம் 188-ஆம் பிரிவு, அருவாளுக்கு ஆயுதச் சட்டம் 25-ஆம் பிரிவு. 188-இல் போலீஸே நேரடியாக வழக்குப் பதிவு செய்ய முடியாது என்று 2018 செப்டம்பரில் மதுரைக் கிளை ஜீவானந்தம் என்பவர் வழக்கில் தெளிவாகச் சொன்னது. அப்படிப் பதிவான எத்தனையோ வழக்குகளுக்கு அந்தத் தீர்ப்பு விடிவு. தம்பிக்கு ஆயுதச் சட்டம் மிச்சம் இருந்தது. வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் வெட்டுக்கூலி. நடுவில் கொரோனா வந்து கோர்ட்டே மூடியது.

எங்கள் ஜில்லாப் பையன்களுக்கு வளைகுடா என்பது ஒரு வாசல். தம்பிக்கும் அக்கா மாப்பிள்ளை மூலமாகத் துபாயில் வேலை பேசியிருந்தார்கள். ஏஜென்டுக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வந்தபோது வழக்கு நிலுவை என்று எழுதினார்கள். பாஸ்போர்ட் வரவில்லை, முன்பணமும் வரவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் யாரோ என் செய்தியைக் கத்தரித்து வைத்திருந்து காட்டினார்களாம். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. கோர்ட்டுக்கு வேறு வேலையாகப் போகும்போது அவரை வராந்தாவில் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் வக்கீல்கள் அறைப் பக்கம் திரும்பிவிடுவேன்.

2021-இல் விடுதலை. அந்த அருவாள் விவசாயத் தொழில் கருவி இல்லை என்று அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை. செக்போஸ்ட்டுக்குச் சம்பந்தமில்லாத இரண்டு பேர் மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்கள் குறுக்கு விசாரணையில் மாறிவிட்டார்கள். தீர்ப்பு வந்த நாளில் ரைட்டர் வாட்ஸ்அப் அனுப்பவில்லை. விடுதலைக்குச் செய்திக்குறிப்பு கிடையாது. கோர்ட் குமாஸ்தா சொல்லி எனக்குத் தெரிந்தது. நான்கு வரி எழுதியிருக்கலாம். "பழைய கேஸு, யாரு படிப்பா" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டேன். கைதுச் செய்தி எழுதியபோது அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை.

பேப்பர் வேலையை விட்டு இரண்டு வருடம் கழித்து அவரைத் தேடிப் போனேன். கரிமூட்டத்தில்தான் இருந்தார். மூட்டத்தைச் சுற்றி மண் அணைத்துப் புகை கசிகிற ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சாக்கு விரித்தார், அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. காரைப் பார்த்ததைச் சொன்னேன். துப்பாக்கியைப் பார்த்ததைச் சொன்னேன். போன் போடாததைச் சொன்னேன்.

"நானும் பாத்தேண்ணே" என்றார். "குத்தவச்சிருந்த எடத்துலருந்து நல்லாத் தெரிஞ்சுச்சு. நீங்க அந்தாளுகிட்டச் சிரிச்சுப் பேசுனதையும் பாத்தேன். கோர்ட்டுல வக்கீலு கேட்டாரு, சம்பவம் பாத்தவங்க ஊருக்குள்ள யாராச்சும் வருவாகளான்னு. உங்க நெனப்புத்தான் வந்துச்சு. வரமாட்டீங்கன்னு தெரியும், அதான் பேரு சொல்லல."

மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அருவாளைக் கேட்டு கோர்ட்டில் மனுப்போட்டாரா என்று கேட்டேன். அந்த அருவாள் விலையைவிட அலைச்சலுக்கு ஆகிற பஸ் காசு கூட என்றார். இப்போது வேலைக்குப் போகும்போது அருவாளை வண்டியில் வைப்பதில்லையாம், மூட்டத்திலேயே புதைத்துவிட்டு வீடு திரும்புகிறாராம். செப்டம்பர் ஒன்று பிறந்தால் அக்டோபர் முடிகிறவரை அந்த ஊரில் வெட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.

விடுதலையானதையாவது இப்போது எழுதுகிறேன் என்றேன். எழுதுங்கள் என்றார். நீதிமன்றம் குற்றமற்றவர் என்று சொன்னதைப் பெயரோடு, ஊரோடு, முன்பு எழுதிய அதே விவரங்களோடு எழுதுகிறேன் என்று சொன்னேன். அவர் கையிலிருந்த மண்ணை வேட்டியில் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"பேரு வேணாம்ண்ணே. ஊரு பேரு வேணவே வேணாம்."